தெய்வத்துக்கு முகம் வரைபவர்கள்

1846-ஆம் ஆண்டு. ஜப்பானின் ஹிகோ மாகாணக் கடலில் இரவுதோறும் ஏதோ ஒன்று ஒளிர்கிறது என்று ஊரெல்லாம் பேச்சு. பார்த்துவரப் போன அரசு அலுவலரின் முன்னால் விசித்திரமான பிராணி ஒன்று எழுந்து நிற்கிறது. நீண்ட கூந்தல், பறவையின் அலகு, செதில் மூடிய உடம்பு, மூன்று கால்கள். தன் பெயர் அமாபியே என்கிறது. ஆறு ஆண்டுகளுக்கு விளைச்சல் நன்றாக இருக்கும், கொள்ளைநோயும் வரும் என்று எச்சரிக்கிறது. தன் உருவத்தை உடனே வரைந்து மக்களுக்குக் காட்டும்படி சொல்லிவிட்டுக் கடலுக்குள் மறைந்துபோகிறது. இந்தச் செய்தியையும் படத்தையும் தாங்கிய மரக்கட்டை அச்சுத் தாள் ஒன்று கியோட்டோ பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. 2020-இல் கொரோனா பரவியபோது ஜப்பானியர்கள் இந்தப் பிராணியை மீண்டும் தேடி எடுத்தார்கள். ஓவியர்கள், இனிப்புக் கடைக்காரர்கள், பள்ளிப் பிள்ளைகள் என்று ஆளுக்கொரு அமாபியே வரைந்து பகிர்ந்துகொண்டார்கள். நாட்டின் சுகாதார அமைச்சகமே விழிப்புணர்வுப் படத்தில் அதைப் பயன்படுத்தியது.

என்னை வரையுங்கள், எல்லோருக்கும் காட்டுங்கள் என்று கேட்கும் தொன்மம் அது.

இதற்கு நேர் எதிரான கதை ஆஸ்திரேலியாவின் வடகோடியில் நடந்தது. ஆர்னம் நிலத்தின் யிர்க்காலாவைச் சேர்ந்த மாரிகா குடும்பத்து ஓவியர் ஒருவர், கடல் கடந்து வந்து மண்ணையும் மனிதரையும் உருவாக்கிய ஜங்கவு மூதாதையரின் கதையிலிருந்து புனித நீர்நிலை ஒன்றை அச்சோவியமாகச் செய்திருந்தார். அந்தக் கதையை வரையும் உரிமை அவருக்குத் தன் குலத்தின் வழியாக வந்தது. யார் எதை வரையலாம், யாருக்குக் காட்டலாம் என்பதற்கு அங்கே தெளிவான முறைகள் உண்டு. பழங்குடிக் கலையைப் பிறருக்கு அறிமுகம் செய்வதற்காக வெளியான தொகுப்பில் அந்த ஓவியம் இடம்பெற அவர் சம்மதித்தார். சில ஆண்டுகள் கழித்துப் பார்த்தால், வியட்நாமில் நெய்யப்பட்ட கம்பளங்களில் அதே படம் இருக்கிறது. படைப்புக் கதை தரையில் விரித்து மிதிக்கும் பொருளாகிவிட்டது. தன் அனுமதி இல்லாமல் நடந்தது என்றாலும், தன் மக்களிடம் பதில் சொல்ல வேண்டியவர் அவரே. வேறு பழங்குடி ஓவியர்களின் படைப்புகளும் இதே கதிக்கு ஆளாகியிருந்தன. வழக்கை விசாரித்த ஆஸ்திரேலியக் கூட்டாட்சி நீதிமன்றம் 1994-இல் 1,88,640 டாலர் இழப்பீடு வழங்கியது. பண இழப்பை மட்டும் கணக்கில் எடுக்காமல், ஓவியர்கள் தங்கள் சமூகத்தில் அடைந்த மனவேதனையையும் பண்பாட்டு இழப்பையும் சேர்த்தே நீதிபதி மதிப்பிட்டார். பதிப்புரிமைச் சட்டத்துக்கு ஒரு சமயக் கேள்வி புரிந்த அபூர்வமான தருணம் அது.

தொன்மக் கதைகளுக்குப் படம் வரைகிற எவரும் இந்த இரண்டு முனைகளுக்கும் நடுவில்தான் உட்கார்ந்திருக்கிறார். பறவையையோ படகையோ வரைபவருக்கு எதிரே பறவையும் படகும் உண்டு, ஒப்பிட்டுத் திருத்திக்கொள்ளலாம். யாரும் கண்ணால் காணாத தெய்வத்தை, பூதத்தை, முதல் மனிதனை வரைபவருக்கு ஒப்பிட்டுப் பார்க்க ஒன்றுமில்லை. கதையைக் கேட்ட ஒவ்வொருவர் மனதிலும் ஆளுக்கொரு முகம் இருக்கிறது. ஓவியர் அவற்றில் ஒன்றை மட்டும் தாளுக்குக் கொண்டுவருகிறார். அது அழகாகவும் அச்சில் பெருகக் கூடியதாகவும் இருந்துவிட்டால் மற்ற முகங்கள் மெல்ல மறைந்துபோகின்றன. ஆகவே தொன்மத்தை வரைவது அழகியல் சார்ந்த செயல் என்ற அளவில் நின்றுவிடாது. வரைந்தது எவ்வளவு, வரையாமல் விட்டது எவ்வளவு என்பதில் ஓவியரின் அறமும் இருக்கிறது.

இந்த மாற்றம் எவ்வளவு வேகமாக நடக்கும் என்பதற்கு கிரிம் சகோதரர்கள் நல்ல சாட்சி. ஜெர்மானிய நாட்டுப்புறக் கதைகளை அவர்கள் 1812-லும் 1815-லும் இரண்டு தொகுதிகளாக வெளியிட்டபோது அவற்றில் கதைப் படங்கள் இல்லை. அடிக்குறிப்புகளும் ஆராய்ச்சி நோக்கமும் கொண்ட, பெரியவர்களுக்கான தொகுப்பு அது. 1823-இல் லண்டனில் வெளியான ஆங்கில மொழிபெயர்ப்பில் ஜார்ஜ் குரூக்ஷாங்கின் துள்ளலான செதுக்கோவியங்கள் சேர்ந்தன. புத்தகம் நன்றாக விற்றது. அதைப் பார்த்த சகோதரர்கள் 1825-இல் 50 கதைகளை மட்டும் தேர்ந்தெடுத்துச் சிறு பதிப்பு ஒன்றைக் கொண்டுவந்தார்கள். அவர்களுடைய தம்பி லுட்விக் வரைந்த ஏழு படங்கள் அதில் இருந்தன. அந்தச் சிறு பதிப்புதான் வீடு வீடாகப் போனது. இரவுகளில் பெரியவர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொண்ட கதைகள் பிள்ளைகளின் கதைகளாக மாறியதில் அந்தப் படங்களுக்குப் பெரும் பங்கு உண்டு. படம் சேர்ந்ததும் கதை யாருக்குச் சொந்தம் என்பதே மாறியது.

நார்வேயில் இன்னொரு விதம். அங்குள்ள கதைகளில் வரும் ட்ரோல்கள் மலையிலும் காட்டிலும் வாழும் பூதங்கள். கதைசொல்லிகள் அவற்றின் தோற்றத்தை விரித்துச் சொல்வது குறைவு. பெரியது, பழையது, வெயில் பட்டால் கல்லாகிவிடும் என்ற அளவில் விட்டுவிடுவார்கள். தியோடோர் கிட்டெல்சன் (1857–1914) அவற்றுக்கு முகம் கொடுத்தார். அவர் வரைந்த காட்டு ட்ரோலின் தலைமேல் மரங்கள் முளைத்திருக்கும். எங்கே மலை முடிகிறது, எங்கே பூதம் தொடங்குகிறது என்று பிரித்துச் சொல்ல முடியாது. அந்தியில் ஒரு குன்றைப் பார்த்துத் திடுக்கிட்ட கிராமத்து மனிதரின் சந்தேகத்தை அப்படியே தாளில் வைத்திருக்கிறார். நினைவுப் பொருள் கடைகளில் இன்று விற்கும் பெருமூக்கு பொம்மைகளில் அந்தச் சந்தேகம் இல்லை. அவை முழுமையாகத் தெரிந்துவிட்ட பூதங்கள். அதனாலேயே யாரும் அவற்றுக்குப் பயப்படுவதில்லை.

வரையாமல் விடுவதைப் பெரும் கலையாக்கிய மரபுகள் உலகில் பல உண்டு. சாஞ்சிக்குப் போகிறவர்கள் பெரிய ஸ்தூபியின் கிழக்குத் தோரணத்தை நிமிர்ந்து பார்க்கலாம். சித்தார்த்தர் அரண்மனையைத் துறந்து வெளியேறும் இரவு அங்கே கல்லில் செதுக்கப்பட்டிருக்கிறது. கந்தகன் என்ற குதிரை மறுபடி மறுபடி செதுக்கப்பட்டு, இடமிருந்து வலமாக நகர்ந்துகொண்டே போகிறது. அதன்மேல் குடை பிடித்திருக்கிறார்கள். சேணத்தில் ஆள் இல்லை. கடைசியில், இளவரசர் இறங்கிய இடத்தில் இரண்டு பாதச் சுவடுகள் மட்டும். தேரோட்டி சந்தகன் அவற்றின் முன்னால் பணிகிறான். பிறகு குதிரை குடையில்லாமல் திரும்புகிறது. கி.மு. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த இந்தச் சிற்பங்களிலும், பர்குத்திலும், அமராவதியின் தொடக்ககாலச் சிற்பங்களிலும் புத்தர் காலி இருக்கையாக, போதி மரமாக, பாதமாக நிற்கிறார். ஏன் இப்படிச் செய்தார்கள் என்பதில் அறிஞர்களிடையே நீண்ட விவாதம் உண்டு. பிறப்பு இறப்புச் சுழலிலிருந்து விடுபட்டவரை உடம்புக்குள் அடைக்கக் கூடாது என்று கருதினார்கள் என்பது ஒரு விளக்கம். எப்படியிருந்தாலும், குடை நகர்வதைக் கொண்டே ஒரு மனிதரின் துறவைச் சொன்ன அந்தச் சிற்பிகளின் கதைசொல்லும் திறமை பிரமிக்க வைக்கிறது. குதிரைமேல் ஒரு அழகிய இளைஞனைச் செதுக்கியிருந்தால் பார்ப்பவர் அவனைப் பார்த்திருப்பார். அங்கே ஒருவரும் இல்லாததால் பிரிவைப் பார்க்கிறார்.

பாரசீகச் சிற்றோவியங்களுக்கு வேறு வழி. 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரஷீதுதீனின் உலக வரலாற்று நூலுக்கு வரைந்தவர்கள் நபியின் முகத்தைக் காட்டத் தயங்கவில்லை. காலப்போக்கில் மரபு மாறியது. ஷா தஹ்மாஸ்புக்காக 1539-க்கும் 1543-க்கும் இடையில் உருவான, கவிஞர் நிஸாமியின் கம்ஸா பிரதி இன்று லண்டனில் உள்ள பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. அதில் சுல்தான் முகம்மது வரைந்ததாகக் கருதப்படும் நபியின் விண்ணேற்றக் காட்சி உலகப் புகழ்பெற்றது. நீலவானம், சுருள் சுருளான வெண்மேகம், கையில் தட்டுகளும் தூபங்களும் ஏந்திப் பறக்கும் வானவர் கூட்டம். வானவர்கள் எல்லோருக்கும் முகம் இருக்கிறது. நபி அமர்ந்திருக்கும் புராக் என்ற வாகனத்துக்குக்கூட மனித முகம் இருக்கிறது. நடுவில், பொன் தழல் சூழ, வெண்திரை மூடிய முகம் ஒன்று. ஓவியர் தன் திறமை முழுவதையும் காட்டி, கண் தேடிப்போகும் அந்த ஒரே இடத்தில் மட்டும் தூரிகையை நிறுத்தியிருக்கிறார். அங்கே ஓவியமும் தொழுகையும் ஒன்றாகிவிடுகின்றன.

தென் ஜெர்மனியில் 1300-ஐ ஒட்டி எழுதப்பட்டு இப்போது ஜெருசலேமில் இஸ்ரேல் அருங்காட்சியகத்தில் உள்ள யூதப் பிரதி ஒன்றில், எகிப்திலிருந்து விடுதலையான மக்களுக்கு மனித முகத்துக்குப் பதிலாகப் பறவைத் தலை வரைந்திருக்கிறார்கள். புளிப்பில்லாத அப்பம் சுடும் பெண்களும் பறவைத் தலையோடு நிற்கிறார்கள். மத்திய ஆஸ்திரேலியாவின் பாப்புன்யாவில் 1971-இல் பழங்குடி ஆண்கள் தங்கள் மூதாதையர் பயணங்களைப் பலகையில் வண்ணமாகத் தீட்டத் தொடங்கினார்கள். தீட்சை பெறாதவர் பார்க்கக் கூடாதவை சில படங்களில் இருந்ததால் அண்டைச் சமூகத்தினர் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். ஓவியர்கள் அந்த எதிர்ப்பை மதித்து, புனிதக் கூறுகளைத் தவிர்க்கவும் புள்ளிகளால் மறைக்கவும் பழகினார்கள். ஆரம்பகாலப் பலகைகள் சிலவற்றை அருங்காட்சியகங்கள் இன்றும் பொதுமக்களுக்குக் காட்டுவதில்லை. கலைச் சந்தை கொண்டாடும் புள்ளிகளுக்குப் பின்னால் இப்படி ஒரு விரதமும் இருக்கிறது.

தமிழ் வாசகருக்கு இது அந்நியமான எண்ணம் அல்ல. நடராசர் உருவத்தைப் போல உலகமெங்கும் பரவிய தெய்வ உருவங்கள் குறைவு. அதே சிதம்பரத்தில், அதே சன்னதிக்குப் பக்கத்தில், திரையை விலக்கினால் வெறும் வெளியும் தொங்கும் பொன் வில்வ மாலையும்தான். உருவத்தின் உச்சத்தையும் அருவத்தையும் ஒரே வழிபாட்டில் அருகருகே வைத்த ஊர் அது.

ஆனால் வரையாமல் விடுவதே உயர்வு என்று இங்கே முடித்துவிட்டால் அது பெரிய அநியாயம். முகம் காட்டப்படாததால் துன்பப்பட்டவர்கள் கோடிக்கணக்கில் இருந்த நாடு இது. கிளிமானூரில் பிறந்த ராஜா ரவிவர்மா (1848–1906) பரோடா மன்னருக்காகப் புராணக் காட்சிகளைத் தீட்டிப் புகழ்பெற்ற பிறகு, 1894-இல் பம்பாயில் வண்ண அச்சகம் தொடங்கினார். லட்சுமியும் சரஸ்வதியும் அரண்மனைச் சுவரிலிருந்து இறங்கி, சில அணா விலையில் சந்தைக்கு வந்தார்கள். திருவிதாங்கூரில் எல்லா இந்துக்களுக்கும் கோயில் கதவு திறந்தது 1936-இல். மதுரை மீனாட்சி கோயிலுக்குள் ஒடுக்கப்பட்டவர்கள் நுழைந்தது 1939-இல். அதற்குப் பல ஆண்டுகள் முன்பே, கோபுர வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவரின் குடிசைச் சுவரிலும் ஒரு தெய்வ முகம் மாட்ட முடிந்தது என்றால், அதற்கு இந்த அச்சுத் தாள்கள்தான் காரணம். கருவறைக்குள் தூரத்தில் விளக்கொளியில் மங்கலாகத் தெரிந்தவர்கள் இப்போது கண்ணுக்கு நேரே, சம உயரத்தில், பார்ப்பவரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அந்த வரிசையில் தமிழகத்தின் பெரிய பெயர் கோவில்பட்டி கொண்டையராஜு (1898–1976). நாடகக் கம்பெனிகளுக்குத் திரைச்சீலை எழுதிய அந்தக் கைகள் பிறகு சிவகாசி அச்சகங்களுக்கு முருகனையும் மீனாட்சியையும் எழுதின. அவரும் அவருடைய சீடர்களும் வரைந்த தெய்வங்கள் நாள்காட்டி வழியாகத் தமிழ் வீடுகளின் பூசை அறை வரை போனார்கள். மளிகைக் கடைக்காரர் தைமாதம் கொடுத்த படத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டுப் பொட்டு வைத்துக் கும்பிட்டவர்களின் பக்தி எந்த வகையிலும் குறைந்ததல்ல.

இதற்குத் தத்துவ ஆதரவும் வலுவானது. பைசாந்தியப் பேரரசு படங்களை எரித்த 8-ஆம் நூற்றாண்டில், அந்தப் பேரரசுக்கு வெளியே வாழ்ந்த தமாஸ்கஸ் நகர யோவான் என்ற துறவி திருவுருவங்களுக்காக வாதாடினார். கடவுளே மனித உடல் எடுத்துக் கண்ணுக்குத் தெரிந்த பிறகு அந்த உடலை வரைவது எப்படிப் பிழையாகும் என்பது அவர் கேள்வி. 787-இல் நிக்கேயாவில் கூடிய திருச்சங்கம் அந்தத் தரப்பை ஏற்றது. நம் ஆழ்வார் மரபு இன்னும் ஒரு படி மேலே போகிறது. அடியவர்கள் எந்த உருவத்தை விரும்பி நினைக்கிறார்களோ அதையே திருமால் தன் உருவமாக ஏற்றுக்கொள்கிறான் என்பது பொய்கையாழ்வாரின் பார்வை. வரைபவனுக்கு இதைவிடப் பெரிய அனுமதி வேறு எங்கும் கிடைக்காது. அந்த அனுமதியின் தன்மையைக் கவனிக்க வேண்டும். விரும்பும் உருவம் அவரவருக்கு வேறுபடும். ஆகவே உருவங்கள் பல.

அச்சு இயந்திரம் இந்தப் பன்மையைத்தான் தின்றது. ஊர் எல்லையில் செங்கல்லாகவும் வேலாகவும் சூலமாகவும் நின்ற காவல் தெய்வங்கள் நாள்காட்டியில் ஏறியபோது பலருக்கும் ஒரே சாயல் வந்தது. ரோஜா நிறக் கன்னம், பட்டுச் சேலை, புன்னகை. ஊருக்கு ஊர் வேறுபட்ட உக்கிரமும், அந்தத் தெய்வம் எப்படி மனிதராக வாழ்ந்து கொல்லப்பட்டது என்ற கதையும் பின்னுக்குப் போயின. இன்றைக்குச் செயற்கை நுண்ணறிவிடம் ஒரு தெய்வத்தின் படம் கேட்டால், ஏற்கெனவே அதிகம் புழங்கும் படங்களின் சாயலிலேயே அது வரைந்து தருகிறது. அதிகம் வரையப்பட்ட முகம் மேலும் அதிகமாகும். வரையப்படாத கதைக்கு அங்கே இடமே இல்லை.

அப்படியானால் முகமே இல்லாத தெய்வத்துக்கு முதன்முதலாக முகம் வரைபவர் என்ன செய்ய வேண்டும்? மத்தியப் பிரதேசத்தின் பட்டங்கட் கிராமத்து இளைஞர் ஜங்கட் சிங் ஷியாம் இதற்குத் தன் வாழ்க்கையால் பதில் சொன்னார். அவர் பிறந்த பர்தான் சமூகம் கோண்டு மக்களின் பாணர் சமூகம். பாணா என்ற மூன்று நரம்பு வாத்தியத்தை இசைத்து, குலவரலாற்றையும் படைப்புக் கதையையும் பாடுவது அவர்கள் மரபுத் தொழில். அந்த வாத்தியத்தின் ஒலி கேட்டுத்தான் சாஜா மரத்தில் வாழும் படாதேவ் எழுந்து வருவார் என்பது நம்பிக்கை. அந்தத் தெய்வம் ஓசையில் வாழ்ந்தது. அதற்கு உருவப்படம் கிடையாது. 1980-களின் தொடக்கத்தில் போபாலில் பாரத் பவன் கலை மையம் உருவாகிக்கொண்டிருந்தபோது, ஓவியர் ஜே. சுவாமிநாதன் அனுப்பிய குழு கிராமம் கிராமமாகச் சுற்றி ஜங்கட்டைக் கண்டெடுத்தது. அப்போது அவருக்கு இருபது வயதுகூட ஆகவில்லை. போபால் வந்து தாளையும் வண்ணத்தையும் தொட்டவர், பாட்டில் மட்டும் இருந்த தெய்வங்களை ஒவ்வொன்றாக வரைந்தார். உடம்பு முழுக்கப் புள்ளிகளும் சிறு கோடுகளும் அதிர்கின்றன. உருவம் அசையாமல் நிற்பதாகத் தோன்றாது. 1989-இல் பாரிஸின் பொம்பிடு மையத்தில் அவர் படைப்புகள் வைக்கப்பட்டன. 2001-இல், ஜப்பானில் ஓர் அருங்காட்சியகத்தில் தங்கி வரைந்துகொண்டிருந்தபோது, நாற்பதை எட்டுவதற்குள் அவர் இறந்துபோனார்.

அவருக்குப் பின் வந்தவர்கள் அவருடைய உருவங்களை நகலெடுத்து நிறுத்திக்கொள்ளவில்லை என்பதுதான் முக்கியம். பஜ்ஜு ஷியாம், துர்காபாய், வெங்கட் ராமன் சிங் ஷியாம் என்று ஒவ்வொருவரும் உருவத்தை நிரப்பத் தமக்கென்று தனிக் கோட்டு முறையை வைத்திருக்கிறார்கள். ஒரே தெய்வம் ஒவ்வொரு கையிலும் வேறு. பாணர் ஒவ்வொருவரும் ஒரே கதையைத் தன் குரலில் பாடிய பழக்கம் தூரிகைக்கும் வந்துவிட்டது. சென்னையின் தாரா புக்ஸ் பதிப்பகம் கோண்டு ஓவியர்களோடு சேர்ந்து உருவாக்கிய மரங்களின் இரவு வாழ்க்கை பற்றிய புத்தகம் 2006-இல் வந்தது. கையால் செய்த தாளில் பட்டுத்திரை அச்சு முறையில் பதிக்கப்படும் அந்தப் புத்தகத்தில் மூன்று கோண்டு ஓவியர்கள் பெயரோடு, நூலாசிரியர்களாக இருக்கிறார்கள். பழங்குடிக் கலை என்ற பொதுப் பெயருக்குள் அவர்களை யாரும் கரைத்துவிடவில்லை.

மேற்கு வங்கத்தின் நயா கிராமத்துப் பட்டுவாக்களிடமும் இந்தப் பாடம் இருக்கிறது. சித்திரகர் என்ற குடும்பப் பெயர் கொண்ட இவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள். வரைவது ராமாயணம், மானசா தேவி கதை, பீர்களின் கதை, இன்றைய செய்தி எல்லாமே. நீண்ட சுருளை மெல்ல அவிழ்த்து, ஒவ்வொரு கட்டமாக விரலால் தொட்டுக் காட்டிக்கொண்டே பாடுகிறார்கள். படம் பாட்டை விட்டுத் தனியாகப் போவதில்லை. மொய்னா சித்திரகர் வரைந்து சம்ஹிதா ஆர்னி எழுதி 2011-இல் வந்த சீதையின் ராமாயணத்தில் போர்க்களத்தைச் சீதையின் கண் வழியாகப் பார்க்கிறோம். வெற்றி விழாவுக்குப் பதிலாக விதவைகள் தெரிகிறார்கள். ஆயிரம் முறை வரையப்பட்ட காவியத்திலும் இன்னும் யாரும் காட்டாத முகம் மிச்சமிருந்தது என்பதற்கு அந்தப் புத்தகம் சாட்சி.

பிள்ளைகளுக்கான உலகக் கதைப் புத்தகங்கள் தமிழில் இப்போது நிறைய வருகின்றன. ஆப்பிரிக்கக் கதை என்று அட்டையில் போட்டுவிட்டு, அது அசாந்தி மக்களுடையதா யொருபா மக்களுடையதா என்று சொல்லாமல் விடும் வழக்கம் மாற வேண்டும். கதை எந்த ஊரில் யார் சொன்னது, ஓவியர் அந்த மக்களின் உடை, வீடு, மரம் ஆகியவற்றை எங்கிருந்து அறிந்தார் என்பதற்குக் கடைசிப் பக்கத்தில் இடம் ஒதுக்கினால் போதும். இவான் பிலிபின் ரஷ்ய நாட்டுப்புறக் கதைகளுக்கு வரைந்தவர். 1902 முதல் 1904 வரை வடக்குக் கிராமங்களில் அலைந்து மரவீடுகளையும் பூத்தையல் துணிகளையும் பதிவு செய்தார். பாபா யாகா என்ற சூனியக் கிழவி அவரது கற்பனை கலந்தவள் என்றாலும், அவளைச் சுற்றியுள்ள உலகம் ரஷ்யக் கிராமத்தினுடையது. அந்த உழைப்பில் கதை சொன்னவர்கள்மேல் மரியாதை தெரிகிறது.

வகுப்பறையில் செய்யக் கூடியது இன்னும் எளிது. ஆசிரியர் புத்தகத்தை மூடி வைத்துக்கொண்டு கதையை முதலில் வாயால் சொல்லலாம். பிள்ளைகள் தங்கள் மனதில் தோன்றிய பூதத்தையும் தேவதையையும் வரைந்து முடித்த பிறகு, புத்தகத்தின் படத்தை அவற்றோடு சேர்த்துச் சுவரில் ஒட்டலாம். நாற்பது பிள்ளைகள் இருந்தால் நாற்பத்தோரு பூதங்கள் இருக்கும். ஓவியர் வரைந்தது நாற்பத்தோராவது.